கசங்காத அரசிதழ்

ராஜபாளையம் நூலகத்துக்குள் நுழைந்ததுமே பாச்சை உருண்டை வாடை. அதிலேயே எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது.

சின்ன வயதில் அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்கு அலைந்திருக்கிறேன். கூமாப்பட்டியில் எங்கள் தோட்டத்தை ரோட்டுக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு. எந்தெந்த நிலம் என்று அரசிதழில் போட்டிருந்தார்கள். அந்த அரசிதழ் பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் இதே வாடையோடு இருந்தது.

"செத்த தொறங்க சார், பாத்துட்டுத் தாரேன்" என்பார் அப்பா.

"ஆளாளுக்குத் தொட்டா கிழிஞ்சிரும்லய்யா" என்பார் நூலகர்.

அலையவிட்டு அலையவிட்டு அவர் திறந்தபோது, ஆட்சேபம் சொல்வதற்கான கெடு முடிந்திருந்தது. தோட்டமும் கிணறும் போயின. தாள் மட்டும் கசங்கவே இல்லை.

இப்போது மிச்ச நிலத்திலும் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். அரசிதழ் எங்கே என்று கேட்டேன். இந்த நூலகர் உறை போட்ட கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"எல்லாம் அதுலதான் இருக்கு சார். தூசி படும்னு உறையை எடுக்கிறதில்ல."