தங்கச்சி எழுதியதை நான் அழித்தேன்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் செபமாலை சொல்லுவோம். டெக்ஸாஸின் பிளானோவில் மதியம் என்றால் லண்டனில் பின்னேரம் ஆறு மணி. மாதாவின் சுருவச் சிலைக்கு முன்னால் மெழுகுதிரிக் காலில் கைபேசியைச் சாய்த்து வைப்பேன். திரையில் ஒரு பெட்டிக்குள் அக்கா வீடு, இன்னொரு பெட்டிக்குள் தங்கச்சி வீடு. இருவரும் லண்டன்தான், ஆனால் நகரத்தின் இரண்டு மூலைகள். செபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து மணிக் கோவைகள். முதல் பத்து மணி நான் சொல்ல வேண்டும், இரண்டாவது அக்கா, மூன்றாவது தங்கச்சி, நாலாவது அக்காவின் கணவர், அதாவது அத்தான். ஐந்தாவது பிள்ளைகளில் யார் அகப்படுகிறார்களோ அவர்கள்.

இந்தக் குழுவைத் தொடங்கியது நான்தான். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. இங்கே ஒரு இந்தியப் பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் அரிசி மூட்டை இறக்கி அடுக்குகிறேன். ஆனாலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். தொடங்கிய அன்றே ஒரு விதி எழுதிப் போட்டேன்: "இது மாதாவின் குடும்பம். இங்கே ஒருவரையொருவர் மரியாதை குறைவாகப் பேசக் கூடாது. பேசினால் அந்தச் செய்தி அழிக்கப்படும்." எழுதிவிட்டு இரண்டு நாள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு பெருமை.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் குழுவில் மட்டும் அது இன்னும் வாசற்படியிலேயே நின்றது. வெளியேற வேண்டும் என்று வாக்குப் போட்டவர் அத்தான். தங்கச்சிக்கு வாக்கே இல்லை. அவளும் அவள் கணவர் மச்சானும் ஹொலண்டில் அகதியாகப் பதிந்து, அந்த நாட்டுப் பிரஜைகளாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு லண்டனுக்கு வந்தவர்கள். அப்போது யாரும் யாரையும் கேட்காமல் வரலாம். ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறியதும், அத்தனை வருடம் இருந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு அவள் விண்ணப்பம் போட வேண்டி வந்தது. மச்சான்தான் அதை நிரப்பினார். அனுமதி வந்து அடுத்த மாரிக் குளிரில் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

முதலில் எல்லாம் பகிடியாகத்தான் போனது.

"வாக்கில்லாத ஆக்களுக்குத்தான் வாய் கூட" என்று அத்தான் எழுதுவார்.

"உங்கட கடையில நிண்ட போலந்துப் பொடியன் போனாப் பிறகு பெட்டியெல்லாம் நீங்களே தூக்குறீங்களாம். முதுகு எப்பிடி, அத்தான்?" என்று தங்கச்சி கேட்பாள்.

"பிள்ளை, முதுகு போனாலும் நாடு எங்கட கையில."

"எங்கட எண்டு ஆரைச் சொல்லுறீங்கள்? ஒருக்காக் கண்ணாடியைப் பாருங்கோ."

நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் செபிக்கச் சொன்னால், அத்தான் என் பக்கம் திரும்புவார். "நீ டெக்ஸாஸில இருந்து எங்களுக்குப் புத்தி சொல்லாதை, மச்சான். உங்க ஆக்கள் இடுப்பில துவக்கு இல்லாமல் பால் வாங்கவும் போகமாட்டாங்களாம்." நானும் சிரிப்பேன்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். அத்தான் நீளமாக எழுதியிருந்தார்.

"அன்பு உறவுகளே, யாருடைய மனமும் நோகக் கூடாது. நான் சொல்வது என் அனுபவம் மட்டுமே. நான் ஐரோப்பாவில் ஒரு நாள்கூடத் தங்கியவன் அல்ல. ஒருவரிடமும் ஒரு பிடி சோறு வாங்கித் தின்றவன் அல்ல. நேராக இந்த நாட்டுக்கு வந்து உழைத்து முன்னேறினேன். வேறு நாட்டுக் கடவுச்சீட்டோடு இங்கே வந்து குந்தியவர்களால்தான் நாங்கள் வெளியேற வேண்டி வந்தது. இறை ஆசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக."

அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் கண்ணால் கண்டவன்.

அமெரிக்காவுக்கு வருவதற்கு முன் ஏழு வாரம் நான் ஹொலண்டில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். ஒரு அறை, ஒரு குசினி. அக்காவை ஊரில் விட்டுவிட்டு வந்த அத்தான் குசினித் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தார். குளிர்பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் அவர் எழும்பி மெத்தையை மடிக்க வேண்டும். நான் போகும்போது அவர் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் வெளிக்கிட்ட பிறகும் இருந்தார். மொத்தம் பதினொரு மாதம். மச்சான் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரம் ஒன்றில் வேலை செய்தார். விற்க முடியாத நசிந்த தக்காளிகளைப் பையில் கொண்டுவருவார். தினமும் தக்காளிக் குழம்புதான். மச்சானிடம் ஒரேயொரு தடித்த ஜாக்கெட் இருந்தது. விடிய வேலைக்குப் போகும்போது அதைக் கழற்றி, தூங்குகிற அத்தான் மேல் போட்டுவிட்டு, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போவார். கூடாரத்துக்குள் வெக்கைதான் என்பார். கூடாரத்துக்குச் சைக்கிளில் அரை மணி நேரம் ஓட வேண்டும்.

பத்து நிமிடத்துக்குள் தங்கச்சியின் பதில் வந்தது.

"பொய். பச்சைப் பொய். பதினொரு மாசம் என்ர குசினிக்குள்ள படுத்தெழும்பினது ஆர்? அந்தத் தக்காளிக் குழம்பு இன்னும் உங்கட வயித்துக்குள்ள கிடக்கும். செத்த மனிசன் எழும்பிவந்து சாட்சி சொல்லாது எண்ட துணிவோ? நன்றி கெட்ட நாய்."

அடியில் அக்காவின் மகன் எழுதினான்: "சித்தி, ரிலாக்ஸ். அப்பா ஸ்டூடன்ட் விசாவில நேரா வந்தவர். கதை கட்டாதேங்கோ."

உடனே அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அதை அழி. பிள்ளையளெல்லாம் பாக்குதுகள். நாய் எண்டு எழுதியிருக்கிறாள், கண்டனியே?"

"அத்தான் எழுதினது பொய்யெல்லோ, அக்கா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்டைக்கு இஞ்ச அகதி விசாரணையில நேரா வந்தனான் எண்டு சொன்னவர். இல்லாட்டித் திருப்பி ஹொலண்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். பிறகு பிள்ளையளுக்கு விசாக் கதை. முப்பது வருஷமாச் சொல்லிச் சொல்லி, இப்ப அவருக்கே அதுதான் உண்மை மாதிரி. நான் என்ன செய்ய? நீ அழி, தம்பி. உன்ர விதிதானே."

என் விதிதான். அத்தானின் செய்தியை மறுபடியும் வாசித்தேன். அதில் ஒரு கெட்ட சொல் இல்லை. ஆசீர்வாதத்தோடு முடிந்திருந்தது. தங்கச்சி எழுதியதில் நாய் இருந்தது. விதியில் பொய்யைப் பற்றி நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. விரலை வைத்து அமத்தினேன். அவள் எழுதியது போனது. அட்மின் அழித்துவிட்டார் என்று ஒரு வரி மட்டும் நின்றது. அதற்கு மேலே அத்தானின் செய்தி முழுசாக இருந்தது.

அவள் திரும்ப எழுதினாள். இந்த முறை கெட்ட சொல் இல்லை.

"அண்ணா, நீங்கள் அந்த வீட்டில இருந்தனீங்கள். ஓமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

இடைவேளை முடிந்து கடைக்காரர் கூப்பிட்டார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு எழுதினேன்: "பழையவற்றைக் கிளறாமல் எல்லோரும் செபிப்போம். மாதா சமாதானம் தருவாராக."

மாலையில் வேலை முடிந்து காரில் ஏறிப் பார்த்தேன். தங்கச்சி குழுவை விட்டு வெளியேறியிருந்தாள்.

மகள் கல்லூரியிலிருந்து வந்து எல்லாவற்றையும் கைபேசியில் மேலும் கீழும் தள்ளி வாசித்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அப்பா, யூ டிலீட்டட் ஒன்லி ஹெர்ஸ்?"

"அவ நாய் எண்டு எழுதினவ, பிள்ளை."

"வாஸ் ஷீ லையிங்?"

"இல்லை."

அவள் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

அடுத்த நாள் செபமாலையில் ஒரு பெட்டி குறைவு. மூன்றாவது பத்து மணி வந்ததும் சொல்ல ஆள் இல்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பத்து மணி இயேசு பாலன் பிறந்ததைத் தியானிப்பது. சத்திரத்தில் இடமில்லாதவர்களுக்கு யாரோ மாட்டுத் தொழுவத்தில் இடம் கொடுத்த கதை. அதை எப்போதும் சொன்னவள் தங்கச்சி. கடைசியில் அத்தானே தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். தெளிவாக, பக்தியாகச் சொன்னார். நான் சுருவத்தைப் பார்க்காமல் மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளிக்கு முன், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இங்கே ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். கோபப்பட்டேன், செபத்தில் பராக்குப் பார்த்தேன் என்பதெல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் குடும்பத்தில் ஒருவர் பொய் சொன்னார், நான் பேசாமல் இருந்தேன் என்றேன். மரியாதைக்காகவா, பயத்தினாலா என்று சுவாமியார் கேட்டார். மரியாதைக்காக என்றேன். வெளியே வந்து வாங்குப் பலகையில் முழந்தாளிட்டு, கொடுத்த தண்டனைச் செபத்தைச் சொல்லும்போதுதான், அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளும் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று பட்டது. அத்தானோடு முகம் முறிந்தால் அக்கா என்னோடு பேசமாட்டாள் என்ற பயம்தான் அது.

அப்படித் தெரிந்தும் எட்டு மாதம் போனது. இடையில் நாலு தரம் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். எடுப்பாள். பிள்ளைகள் சுகம் என்பாள், வேலைக்கு நேரமாகிறது என்பாள். ஒருமுறையும் சண்டை பிடிக்கவில்லை. அவ்வளவு மரியாதையாக அவள் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை.

மச்சானின் ஆண்டுத் திவசத்துக்கு இங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். பூசை முடிந்து, கோயில் வாசலில் காருக்குள் இருந்தே குழுவில் எழுதினேன்: "அத்தான் ஹொலண்டில் தங்கச்சி வீட்டில் பதினொரு மாதம் இருந்தார். அதில் ஏழு வாரம் நான் கண்ணால் கண்டேன். மச்சான் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தியதையும் கண்டேன். தங்கச்சி சொன்னது உண்மை. அதை அழித்தது என் பிழை."

எல்லோரும் வாசித்ததாகக் காட்டியது. அத்தான் எழுதவில்லை. அக்காவும் எழுதவில்லை. அக்காவின் மகன் மட்டும், "மாமா, இஸ் திஸ் ட்ரூ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுப் பெட்டி திறக்கவே இல்லை. இன்றுவரை திறக்கவில்லை.

நான் எழுதியதைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஒரு முழு நாள் கழித்துப் பதில் வந்தது.

"பாத்தன் அண்ணா. நான் கேட்டது அண்டைக்கு."

இப்போது சனிக்கிழமைகளில் நானும் மனைவியும் மட்டும். கைபேசியை வழக்கம்போல் மெழுகுதிரிக் காலில் சாய்த்துத் திறந்தே வைக்கிறேன். மூன்றாவது பத்து மணியைத் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கிறேன். திரையில் எங்கள் இரண்டு முகங்கள்தான் தெரிகின்றன. பிறகு மனைவி என் முழங்கையைத் தொடுவாள், நான் சொல்லத் தொடங்குவேன்.