வல்சராஜன் சாமியின் தாடி

வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கன்னத்தையும் புறங்கையால் தேய்த்துப் பார்க்கிறார் வல்சராஜன். சொரசொரத்தால் 'உப்புத்தாள்' என்று பட்டம் கொடுத்து, சவரம் செய்துகொண்டு வரச் சொல்கிறார். மலபார் விமான நிலையத்தின் தீயணைப்புக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காலை ஏழு மணிக்கு இதுதான் கூத்து.

காரணம் கேட்டால் போச்சு. புகைக்குள் போகும்போது மூச்சுக்காகப் போடும் முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். நடுவில் முடி இருந்தால் அந்தச் சந்தில் புகை நுழையும். "எல்லாப் புகையும் கெடுதல்தான்டா. ஆனா பிளேன் எஞ்சினுக்கு ஊத்துறது செயற்கை எண்ணெய். அது எரிஞ்சா நரம்பைப் பிடிக்கிற விஷமே உண்டாகலாம். வலிப்பு வந்து விழுவே" என்பார். வலிப்பை நடித்தும் காட்டுவார். அதைப் பார்க்கவே, புதிதாக வருகிறவர்களைக் கேட்கச் சொல்லித் தூண்டிவிடுவான் கூடத்துக் குறும்பன் ஷிபு.

சபரிமலைக்கு மாலை போடும் மாதம் வந்தால் அவருக்குத் தலைவலி. தாடி வளர்ப்பவர்களைச் சாமி என்றும் பாராமல் முகமூடி வேலையிலிருந்து விலக்கி, தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்.

இந்த வருடம் அந்த நாற்காலியில் அவரே. மனைவி பிரசன்னாவுக்கு வயிற்றில் கட்டி எடுத்தபோது, பிழைத்தால் நாற்பத்தொரு நாள் விரதம் என்று நேர்ந்திருந்தார். பிழைத்துவிட்டாள். ஷிபுவுக்கோ கொண்டாட்டம். "சாமி, இது எத்தனாம் நம்பர் உப்புத்தாள்?" என்று தினமும் கன்னத்தைத் தடவுவான்.

விரதத்தின் முப்பத்தாறாம் நாள் காலை, முகமூடி வேலையில் இருந்த அனூப்புக்குக் காய்ச்சல். முகமூடி போட ஓர் ஆள் குறைந்தது. ஆள் நிறையாவிட்டால் பத்து மணி துபாய் விமானத்தை இங்கே இறக்க விடமாட்டார்கள். வல்சராஜனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அனூப்தான் தள்ளாடிக்கொண்டே முகமூடியை எடுத்தான். அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நேர்ச்சையை முறித்து, பிரசன்னாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவளிடமே போனில் கேட்டார்.

பிரசன்னா சிரித்தாள். "அந்த ஐயப்பனுக்கே தாடி கிடையாது, உங்களுக்கு எதுக்கு? மாலை கழுத்துல இருக்கட்டும். போய்ச் சிரைச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க."

பத்து நிமிடத்தில் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். கழுத்தில் மாலை, தாடையில் வெட்டுக்காயம், அதன்மேல் ஒட்டிய செய்தித்தாள் துணுக்கு. போய் வரிசையின் கடைசியில் நின்றார். ஷிபுவைக் கூப்பிட்டு, அவன் கைக்கு எட்டும்படி கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.