அப்பா ‘ஏத்து’ என்று சொல்லவில்லை

அப்பாவிடம் ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆனால் வேலை செய்தவர் அப்பா ஒருவர்தான்.

திண்டிவனத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் கோடையில் வற்றிப்போகும் கிணறுகளை ஆழப்படுத்துவது அவர் தொழில். கிணற்றின் விளிம்பில் கிரேனை நிறுத்துவார்கள். டீசல் எஞ்சின் ஓடும். கம்பிவடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டி ஆட்களை இறக்கும், மண்ணையும் கல்லையும் மேலே கொண்டுவரும். தொட்டி ஏறுவதும் இறங்குவதும் கிரேனில் பிரேக்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் கையில். அந்த இடத்தில் அப்பாவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்து கிணற்றின் அடி தெரியாது. கீழே இருப்பவர் “ஏத்து” என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் தொட்டி அசையக் கூடாது. வேறொரு கூட்டத்தில் யாரோ அவசரப்பட்டு ஏற்றியதில் ஒருவருக்கு மூன்று விரல்கள் போயிருந்தன. அதனால் வந்த சட்டம் அது.

நல்ல சட்டம்தான். ஆனால் அப்பா அதை எல்லாவற்றுக்கும் நீட்டிக்கொண்டார். அவர் சொல்லாமல் யாரும் கடப்பாரையை எடுக்கக் கூடாது, கயிற்றைச் சுருட்டக் கூடாது, பீடிக்காகக் கூட எழுந்து போகக் கூடாது. ஒருமுறை காலையில் சாவுச் சேதி வந்து கோலியனூருக்குக் கிளம்பிப் போன அப்பா சாயங்காலம்தான் திரும்பினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“நிறுத்தச் சொல்லலியே அண்ணா,” என்றார் அந்த ஆறு பேரில் ஒருவரான சித்தப்பா.

இந்தக் கதையை அப்பா ஒரு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறும் ஆறு மண்ணாங்கட்டி என்பது அவர் தீர்ப்பு. அம்மா மட்டும், “அப்படிப் பழக்குனது யாரு?” என்று கேட்டாள். “நீ கொழம்பப் பாரு,” என்றார் அப்பா.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. நாலு வருஷமாக அந்தக் கிரேனுக்கு எண்ணெய் போட்டார், டீசல் ஊற்றினார், துடைத்தார். “இன்னா சின்ன மேஸ்திரி, எப்போ பட்டாபிஷேகம்?” என்று மற்றவர்கள் கேட்பார்கள். “அண்ணன் தேதி குறிச்சிக்கினு இருக்காரு,” என்று சித்தப்பாவும் சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார்.

அது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை. கிளியனூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையில் கிணற்று வேலை. அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கோடு நான் போயிருந்தேன். கிணற்றருகே வரக் கூடாது, வேப்பமரத்தைத் தாண்டக் கூடாது என்பது எனக்கான சட்டம். மரத்தடியில் தூக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது.

கீழே இருந்தவர் ஒருவர்தான். கோலியனூர்க்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பக்கச் சுவரிலிருந்து பெயர்ந்த பாறை அவர் காலின் மேல் விழுந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பாறையைப் புரட்டப் போகவேண்டியவர் யார் என்று அவர் சொல்ல வேண்டும். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தானே எழுந்துவிட்டார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிரேக்கைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும் என்பது.

“டேய், வா. இதப் புடி,” என்றார் சித்தப்பாவிடம். “நான் வாயால ஏத்துன்னு சொன்னா மட்டும் ஏத்து. வேற எவன் சொன்னாலும் ஏத்தாத. புரிதா?”

சித்தப்பா தலையாட்டினார். பிரேக்கைப் பிடித்து உட்கார்ந்தார்.

தொட்டி அப்பாவோடு குலுங்கிக் குலுங்கி இறங்கியது. என்னை யாரும் கவனிக்கவில்லை. மரத்தைத் தாண்டி ஓடி, விளிம்பில் பாவாடையோடு குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அவ்வளவு ஆழத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்பா ஒரு கை நீளத்துக்குச் சிறுத்துப் போயிருந்தார்.

கடப்பாரையால் பாறையைப் புரட்டினார். கோலியனூர்க்காரரைத் தூக்கித் தொட்டிக்குள் கிடத்தினார். உடைந்த கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் இன்னொருவருக்கு இடமில்லை. “ஏத்து” என்று குரல் வந்தது. சித்தப்பா ஏற்றினார். தொட்டி ஒரு முறைதான் சுவரில் இடித்தது. ஆட்கள் அவரை இறக்கிப் படுக்கவைத்ததும், காலித் தொட்டி அப்பாவுக்காக மறுபடி இறங்கியது.

அது அடியைத் தொடும்போது பாறை பெயர்ந்த இடத்திலிருந்து மணல் கொட்ட ஆரம்பித்தது. முதலில் முறத்தில் புடைப்பதுபோல் மெல்லிய சத்தம். பிறகு கூடைகூடையாக விழுந்தது. கிணறு முழுக்கப் புழுதி. அப்பா தட்டுத்தடுமாறித் தொட்டிக்குள் ஏறுவது மங்கலாகத் தெரிந்தது. முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. மறுபடி திறந்தார். குரல் வரவில்லை. கையை ஆட்டினார்.

“சித்தப்பா, அப்பா ஏறிட்டாரு,” என்றேன்.

“ஏத்துன்னாரா?”

“கைய ஆட்டறாரு.”

“வாயால சொன்னாரா?”

“ஏத்துடா, செவுரு உக்காருது,” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“அண்ணா சொல்லட்டும்,” என்றார் சித்தப்பா. “சொல்லாம ஏத்தக் கூடாதுன்னாரு. நீங்களும்தான கேட்டீங்க?”

எல்லோரும்தான் கேட்டிருந்தார்கள். அதனால் ஒருவரும் மேற்கொண்டு பேசவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். இந்த வயதிலும் சில நாட்கள் கண் விழிக்கும்போது நான் அந்த அரை நிமிஷத்துக்குள்தான் இருக்கிறேன். ஐந்து ஆண்கள், ஓடும் எஞ்சின், அப்பாவின் முழங்கால்வரை நின்ற தொட்டி, அதற்கு வெளியே ஏறிக்கொண்டே வந்த மணல். நானே ‘ஏத்து’ என்று கத்திவிட நினைத்தேன். வாயில் காற்றுதான் வந்தது.

சித்தப்பா எக்கிப் பார்த்தார். பிரேக்கை விடாமல் கிணற்றுக்குள் பார்க்க முடியாது. பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. “கம்னு நல்லாப் பாத்துச் சொல்லு. ரெண்டு காலும் உள்ள இருக்குதா?”

“இருக்குது.”

“கை?”

“கம்பியப் புடிச்சிக்கினு இருக்காரு.”

சித்தப்பா ஏற்றிவிட்டார்.

தொட்டி பாதி வந்தபோது கீழே சுவர் மொத்தமாக உட்கார்ந்தது. நான் படுத்திருந்த தரை அதிர்ந்தது. யாரோ என் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அப்பா மேலே வந்தபோது அவருக்கு இமை, மீசை எதுவும் இல்லை. எல்லாம் ஒரே மண். நெடுநேரம் இருமித் துப்பினார். பிறகு பேசினார்.

“நான் சொல்லவே இல்லியே.”

“இல்லண்ணா.”

“அப்புறம் எப்படி ஏத்துன?”

“தெரிலண்ணா. ஏத்திட்டேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து, காலில் இல்லாத செருப்பைச் சுற்றிலும் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கோலியனூர்க்காரரை விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் பிழைத்தது. கொஞ்சம் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான்.

இன்று விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கீழே ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் முடிப்பதற்குள் அதையே ரகசியமாக நானும் செய்துவைக்கிறேன். போன மாதம் ஒரு பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “அப்ப நான் எதுக்கு மேடம்?” என்று கேட்டாள். மகள் வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினால், அவள் போய்ச் சேருமுன் நான்கு முறை போன் செய்கிறேன். “ஓட்றதா, போன் எடுக்கறதா?” என்கிறாள். அன்று சொல்லாமலே ஏற்றிய சித்தப்பாவைப் பார்த்திருந்தும், எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டவர் அப்பா.

அந்தக் கோடையில் அடுத்த வேலை ஓமந்தூரில், பத்து நாள் கழித்து. சாப்பாட்டுத் தூக்கோடு நான் போனபோது பிரேக்கில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கயிறு, கடப்பாரை, ஆள் இறக்குவது எல்லாம் அவர் சொல்படிதான் நடந்தது. அப்பா தூரத்தில், புளியமரத்தடியில், கிணற்றுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மேல் அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால்தான் முகம் கொடுக்காமல் தள்ளிப்போய் இருக்கிறார் என்று நினைத்தேன். சமாதானம் செய்துவைக்கலாம் என்று கிட்டே போனேன்.

“அங்க வந்து உக்காருங்கப்பா.”

“இங்கியே இருக்கறேன். நீ போ.”

நான் போகவில்லை. பின்னால் நின்று பார்த்தேன். கிணற்றுப் பக்கம் தொட்டியை ஏற்ற எஞ்சின் இரைச்சல் ஏறும்போதெல்லாம் அப்பாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறி அப்படியே நின்றது. இரைச்சல் தணிந்த பிறகுதான் இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி நின்றது.

விக்கல் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா வாங்கிக் குடித்தார்.