நூற்றுக்கு நூறு தேவநாதன்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் என் பஞ்சர் கடை இருக்கிறது. பக்கத்துக் கடை தேவநாதனுடையது. பலகையில் பிரவுசிங் சென்டர் என்று போட்டிருக்கும். மற்ற மாதங்களில் அங்கே ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், பட்டா நகல். ஜூன், ஜூலை வந்துவிட்டால் அது ஜோசியக் கடை. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளின் மார்க்கை வாங்கிப் பார்த்து, இந்த காலேஜ் கிடைக்கும், அந்த காலேஜ் கிடைக்காது என்று சொல்வான். வாசலில் இன்னொரு பலகை: "சொன்ன கல்லூரி கிடைக்கும். நூற்றுக்கு நூறு." உள்ளே சுவரில் அப்படிச் சீட்டு வாங்கிய பிள்ளைகளின் போட்டோக்கள்.

பதினான்கு வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷனைப் பற்றி எழுதும்போது நல்லதாக ஒன்றிரண்டு சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். காலையில் ஒன்பது மணிக்குச் சரியாகக் கடையைத் திறந்துவிடுவான். அவ்வளவுதான் தேறியது.

ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்தவர். இவன் கடலூரில் காலேஜ் போய் கணக்குப் படித்தான். இரண்டு பேப்பர் நின்றுபோனது, கடைசிவரை எழுதி முடிக்கவில்லை. அப்புறம் கடலூரிலேயே ஒரு டுடோரியலில் டைப் அடித்துக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணமானதும் சிதம்பரம் வந்து இந்தக் கடையைப் போட்டான். வருகிறவர்களிடம் மட்டும் "நான் கணக்குல டிகிரி" என்பான். நானும் நம்பினேன். படித்தவன் ஒன்று சொன்னால் அதில் ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான்.

இன்ஜினியரிங் சீட்டுக்கு கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கைச் சேர்த்து இருநூறுக்குக் கட்ஆஃப் போடுவார்கள். அதை வைத்து ரேங்க். ரேங்க் வந்ததும் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய காலேஜ்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மூன்று நாள் தருவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானே பூட்டிக்கொள்ளும். அந்த வரிசையைப் போட்டுக் கொடுப்பதுதான் தேவநாதன் தொழில்.

அவனிடம் போன வருஷ லிஸ்ட் பைண்டு பண்ணி தலையணை கனத்துக்கு இருக்கிறது. ஆனால் முதலில் அதைத் திறக்க மாட்டான். மார்க் ஷீட்டை ஓரமாக வைப்பான். "அப்பா என்னா பண்றாரு? எந்த ஊரு?" என்று கேட்பான். அப்படியே காலில் கிடக்கிற செருப்பைப் பார்ப்பான். ஒருநாள் கடலூரிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர், மகனோடு காரில் வந்தார். பையன் நூற்று எண்பத்து நாலு. "நீங்க சென்னையவே மேல போடுங்க சார், கெடைக்கும்" என்றான். அரைமணி கழித்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு லோடுமேன் மகளோடு பஸ்ஸில் வந்தார். அந்தப் பெண் நூற்று எண்பத்தெட்டு. பத்து மைலுக்குள் இருக்கிற ஒரு காலேஜை எழுதிக் கொடுத்து அனுப்பினான். இரண்டையும் என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

என் தங்கை செல்லாயியைக் குமராட்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மச்சான் ஆண்டிக்கு நடவு, அறுப்பு என்று கூலி வேலை. மகள் வெண்மதி அங்கே அரசுப் பள்ளியில் படித்து நூற்று எண்பத்தாறரை எடுத்தாள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சீட்டு வாங்கினால் படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் அரசாங்கமே கட்டிவிடும். இல்லையென்றால் மச்சானால் சென்னையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

மே மாதத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய நான்தான் அவளைத் தேவநாதனிடம் கூட்டிப் போனேன். ஆண்டியின் போன் மாதத்தில் பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். "என் நம்பரையே போட்டுடறேன், தொந்தரவு இல்ல" என்றான் தேவநாதன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வான். ஓ.டி.பி. அவன் போனுக்குத்தான் வரும். அவன் இல்லாமல் பிள்ளை தன் பக்கத்தையே திறந்து பார்க்க முடியாது. அன்றைக்கு அதை உதவி என்று நினைத்தேன்.

ரேங்க் வந்து, வரிசை போடுகிற முதல் நாள் செல்லாயியும் வெண்மதியும் வந்தார்கள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு கூடப் போனேன்.

"அப்பா என்னா பண்றாரு?"

"கூலி வேலைங்க சார்" என்றாள் செல்லாயி.

"குமராட்சியா?" அவன் கண் கீழே போனது. வெண்மதியின் செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு காலேஜ் பெயரை எழுதினான். "இத மொதல்ல போடறோம். கண்ண மூடிக்கிட்டு கெடைக்கும். காலேஜ் பஸ்ஸு உங்க ஊருக்கே வருது."

வெண்மதி ஒரு நோட்டைப் பிரித்தாள். "சார், போன வருஷம் எங்க கோட்டாவுல இதவிட கம்மி மார்க்குக்கு சென்னையில கிண்டி காலேஜே கெடச்சிருக்கு சார். எங்க சத்யப்பிரியா மிஸ் லிஸ்ட்ட பாத்து சொன்னாங்க."

"மிஸ்ஸு பாடம் நடத்தட்டும். போன வருஷம் வேற, இந்த வருஷம் வேற. எல்லாரும் மார்க்கு ஜாஸ்தி வாங்கியிருக்கான்."

"கெடைக்கலன்னா பரவால்ல சார். கிண்டிய மேல போட்டுட்டு, நீங்க சொல்றத கீழ போட்டா?"

"போட்டா மேல இருக்கறதும் போவும், கீழ இருக்கறதும் போவும். பேராசைக்காரன் யாருன்னு கம்ப்யூட்டருக்கே தெரியும்மா."

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். "ஏய், சார் சொன்னா கேளு. படிச்சவருகிட்ட என்னா வாதம்?" என்று அதட்டினேன். வேறு யாரும் இல்லை, நான்தான்.

"மெட்ராசுல போயி தனியா எப்பிடிண்ணே இருக்கும்? இங்கயே கெடச்சா வூட்டோட இருந்துடும்" என்றாள் செல்லாயி. வெண்மதி நோட்டை மூடிவிட்டாள். தேவநாதன் மூன்றே மூன்று காலேஜ் பதிந்தான். மூன்றும் இந்தச் சுற்றுவட்டாரம். "மூணாம் நாளு தானா பூட்டிக்கும். ஜாலியா போங்க" என்று அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெண் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. பின் டயரில் ஆணி. சிந்துஜா என்று பெயர், ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறது. நான் ட்யூபைத் தொட்டியில் முக்கிக்கொண்டிருக்கும்போது தேவநாதன் கடையை எட்டிப் பார்த்தது.

"ஏண்ணே, என் போட்டோவ அந்தாளு செவுத்துலேருந்து இன்னும் எடுக்கலயா?"

"நீ அவருகிட்ட கேட்டுத்தான் சேந்தியா?"

"ஆமா. நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு நான். அவரு சொன்னத மொதல்ல போட்டேன், கெடச்சுது. என்னவிட எட்டு மார்க்கு கம்மியா எடுத்தவன், அதே சாதி, அதே கோட்டா, அவன் கிண்டியில படிச்சான். நான் இங்க ஸ்கேனுக்கு பில்லு போடறேன்."

"மேல பெரிய காலேஜு போட்டா கீழ இருக்கறதும் போயிடும்ங்கறாரே?"

அது சிரித்தது. "நீங்க கடைப் பையன அனுப்பி டயர் வாங்கியாரச் சொல்றீங்க. நாலு கடை பேரு எழுதித் தரீங்க. மொத கடையில இல்லன்னா ரெண்டாவது கடைக்குப் போவான். மொத கடைக்கு ஏன் போனேன்னு ரெண்டாவது கடைக்காரன் கோவிச்சுக்குவானா?"

"மாட்டான்."

"அவ்ளோதாண்ணே. மேல எத்தன போட்டாலும் கீழ இருக்கறது அங்கயேதான் இருக்கும். ஆனா சின்னத மொதல்ல போட்டீங்கன்னா அது கெடச்சுடும், அதோட கதை முடிஞ்சுது. மேல ஏற வழியில்ல."

"அப்ப அவன் சொல்றது எப்பிடி நூத்துக்கு நூறு பலிக்குது?"

"அவரு சொல்றத மொதல்ல போட்டா பலிக்காம எங்க போவும்? இருபது மார்க்கு கம்மியா எடுத்திருந்தாகூட அந்த காலேஜு எனக்குக் கெடச்சிருக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ட்யூபுக்குப் பாதிக் காற்று மட்டும் அடித்து அனுப்பினால் எந்த ட்யூபும் வெடிக்காது. அதை வைத்து நம் கடை ட்யூப் வெடித்ததே இல்லை என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். வண்டி எப்படி ஓடுகிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? இதைத்தான் இந்த ஆள் இத்தனை வருஷமாகச் செய்திருக்கிறான். நானே பதினோரு பிள்ளைகளை அவனிடம் அனுப்பியிருக்கிறேன்.

மணி இரண்டே முக்கால். செல்லாயிக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தாள்.

"புள்ளைய அந்த நோட்டோட மினிபஸ்ல ஏத்து."

"என்னா ஆச்சுண்ணே?"

"உங்கண்ணன் மடையன்னு தெரிஞ்சுபோச்சு. ஏத்து மொதல்ல."

தேவநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாரியம்மாள் டிபன் கேரியரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கிரீஸ் கையோடு போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"வெண்மதி வரிசைய மாத்தணும். அது வருது. ஓ.டி.பி. வேணும்."

"எவன் ஏத்திவிட்டான் உன்ன? நான் போட்டது போட்டதுதான்."

"கீழ இருக்கறதும் போயிடும்னு சொன்னீங்களே, அது பொய்யா நெசமா?"

அவன் ரசத்தைக் குடித்து முடித்தான். "அன்பு, உனக்கு இது புரியாது. ஒரு புள்ள வெளிய போயி, தேவநாதன் சொன்னது கெடைக்கலன்னு சொல்லிட்டா போதும். பதினாலு வருஷப் பேரு போச்சு."

"புள்ளைங்க போனா?"

"எந்தப் புள்ள போச்சு? எல்லாம் இன்ஜினியர்தானே?"

அவன் எச்சில் கையோடு சொல்லிக்கொண்டே இருந்தான்: கூலிக்காரன் பிள்ளைக்கு இதுவே ஜாஸ்தியாம். சென்னைக்குப் போய் இங்கிலீஷ் வராமல் திரும்பி ஓடிவந்தால் அவனைத்தான் பேசுவார்களாம். எதற்கும் எழுந்திருக்காமல் நான் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு வெண்மதி வந்தாள். வேர்த்துப்போய், நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நம்பர் சொல்லுங்க சார்" என்றாள்.

"மாத்தினா அப்புறம் என் பொறுப்பு இல்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றான். அவள் எழுதிக் கொடுத்தாள். "அப்பன் கையெழுத்து வேணும்" என்றான். மணி நாலு பத்து. ஆண்டி கொள்ளிடக்கரையில் எங்கோ வயலில் நிற்கிறான்.

மாரியம்மாள் டிபன் கேரியரை டொக்கென்று மூடினாள். "இவரு பன்னண்டாவது முடிச்சப்ப, சென்னையில சீட்டு வந்துடும்னு ஊரு பூரா சொல்லி வெச்சாரு. வரல. இன்னிக்கும் குறிஞ்சிப்பாடி போனா இவர 'வாய்யா சென்னை'ன்னுதான் கூப்புடறானுங்க. அந்த வயித்தெரிச்சல ஊரான் வூட்டுப் புள்ளைங்க மேல எறக்கி வெக்கறாரு" என்றாள். அவன் முகம் செத்துப்போனது. அவள் மேஜைமேல் இருந்த போனை எடுத்துக்கொண்டாள். "நீ போடு கண்ணு, வந்ததும் நான் படிக்கறேன்."

அதைக் கேட்டு எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. நாலு பேர் கேலி செய்தார்கள் என்பதற்காக நாலு தாலுகா பிள்ளைகளின் காலை வெட்டுவானா ஒருத்தன்?

ஆறு நம்பரை மாரியம்மாள் படித்தாள். வெண்மதி நோட்டைப் பார்த்துப் பார்த்து இருபத்தாறு காலேஜ் பதிந்தாள். தேவநாதன் எழுதிக் கொடுத்ததை இருபத்தாறாவதாகப் போட்டாள். "அதுவும் இருக்கட்டும் மாமா" என்றாள். சேமித்து முடித்தபோது ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

மறுநாள் காலையில் வந்துவிட்டது. கிண்டியில் முதலில் போட்டிருந்த இரண்டு பிரிவும் கிடைக்கவில்லை. மூன்றாவது கிடைத்தது: சென்னையிலேயே குரோம்பேட்டை காலேஜ், எலக்ட்ரானிக்ஸ், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில். செல்லாயி போனில் அழுதாள். வெண்மதி அழவில்லை. ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், பக்கெட் வாங்கித் தருகிறேன் என்றேன்.

பத்து மணிக்குத் தேவநாதன் என் கடைக்கு வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். ராத்திரி முழுக்க வெண்மதியின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தியா அன்பு? மொத ரெண்டும் கெடைக்கல. நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"மூணாவது கெடச்சுது" என்றேன்.

"அது சரி. கிண்டி கெடைக்கலல்ல?"

அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. தன் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவன் வாசலில், அடுத்த ரேங்க் பிள்ளைகள் வரிசை போடுகிற ரவுண்டுக்கு, நாலைந்து குடும்பம் நின்றது. முன்னால் நின்றவர் ஒரு பையனைக் கையில் பிடித்திருந்தார். நான் போய் அவரிடம், "அவன் எழுதிக் குடுக்கறத கடைசியில போடுங்க. புள்ளைக்குப் புடிச்சத மேல போடுங்க, ஒண்ணும் போவாது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க என்னா படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது."

பையனை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.