இருபது அங்குலக் காலிபர்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்து இருசம்மாளைப் போல நாணயமான மனுதாரரை நான் பார்த்ததில்லை. அந்த நாணயத்தால் அவளுக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது. வக்கீல் மாசிலாமணியின் குமாஸ்தாவாக அவளுடைய மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்தவன் நான்தான், அதனால் அடித்துச் சொல்வேன்.

அவள் மகள் தேவகிக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தது. தனியார் டாக்டர் ஒருவர் இடுப்பில் போட்ட ஊசி நரம்பில் இறங்கி, வலது கால் விழுந்துவிட்டது. வழக்குப் போட்டோம். 1979இல் டாக்டர் சமாதானத்துக்கு வந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டினார். கோர்ட்டு அதைத் தேவகி பெயரில் பாங்கில் போட்டு, அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை அனுமதியில்லாமல் யாரும் தொடக்கூடாது என்றது. பிள்ளையின் பணத்தைப் பெற்றவர்கள் விழுங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். விழுங்கிய பெற்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், ஆகவே சட்டத்தைத் திட்ட மாட்டேன்.

தேவகிக்கு ஏழு வயதானபோது, காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிபர் மாட்டினால் அவள் தானாக நடப்பாள் என்று எலும்பு டாக்டர் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவரை இருசம்மாள் தலையில் மீன் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாகப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவாள். பிள்ளை கனத்துக்கொண்டே வந்தது. காலிபர் விலை நானூற்றைம்பது. மனுப் போட்டோம்.

இங்கேதான் இருசம்மாள் தன் தொழில் புத்தியைக் காட்டினாள். நூல் வலையைச் சாயத்தில் போட்டால் சுருங்கும் என்பதால், ஏரிக்கரையில் வேண்டிய அளவுக்கு மேலேயே பின்னுவார்கள். நைலான் வலை வந்து வருஷங்கள் ஆகியும் அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. வலை சுருங்கும், பிள்ளை வளரும், இரண்டுக்கும் கூட்டித்தானே வைக்க வேண்டும்? டாக்டர் சீட்டில் இருபது அங்குலம் என்றிருக்க, காலிபர் கடையில் இருபத்திரண்டுக்கு விலை எழுதி வாங்கி வந்தாள். நானும் பார்க்காமல் மனுவோடு சேர்த்துவிட்டேன்.

கோர்ட்டு பார்த்தது. கூடுதல் இரண்டு அங்குலத்தின் காசு யார் மடிக்குப் போகிறது என்று கேட்டு மனுவைத் திருப்பியது. இருசம்மாள் அன்று கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். திருடி என்று யாரும் அவளை அதற்கு முன் சொன்னதில்லை.

அளவைத் திருத்தி மறுபடி போட்டோம். தகப்பன் சிங்காரமும் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஏரியில் சீட்டுக் குலுக்கி முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். முறை தவறினால் வீட்டில் அடுப்பு எரியாது. வாய்தாவோ சொல்லிவைத்தாற்போல் சிங்காரத்தின் முறை நாளிலேயே விழும். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. 1982இல் உத்தரவு வந்தது: இருபது அங்குலக் காலிபர் ஒன்று வாங்கி, ரசீதோடும் பிள்ளையோடும் ஆஜராக வேண்டும்.

கடைக்காரர் தேவகியின் காலை அளந்து பார்த்து, இருபத்தொன்றே முக்கால் இல்லாமல் நடக்காது என்றாராம். இருசம்மாள் அசையவில்லை. உத்தரவில் இருபது என்றிருக்கிறது, மறுபடியும் திருடிப் பட்டம் வேண்டாம் என்று இருபதையே செய்து வாங்கி வந்தாள். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கோர்ட்டில் ஒன்பது வயதுப் பெண் தாயின் இடுப்பில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். காலிபர் பைக்குள் இருந்தது. வாங்கியும் ஏன் மாட்டவில்லை என்று நீதிபதி கடிந்துகொண்டார்.

"கோர்ட்டு சொன்ன அளவுக்கு சரியா கீது சாமி," என்றாள் இருசம்மாள். "பொண்ணுதான் அதுக்குள்ள வளந்துட்டுது. தப்பு எங்க மேலதான்."

நீதிபதி காலிபரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய வழக்குக் கட்டைப் புரட்டினார், திருப்பி அனுப்பிய மனுவையும் படித்தார். பிறகு, நல்ல மனிதர், அவரே பேனாவை எடுத்தார். புதுக் காலிபருக்கு அனுமதி தருவதாகச் சொல்லி, இந்த முறை எத்தனை அங்குலம் கூட்டிப் போடட்டும் என்று அவளையே கேட்டார்.

இருசம்மாள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உத்தரவு கைக்கு வர எத்தினி நாளாவும்னு சொல்லுங்க சாமி. அத்த வச்சி சொல்றேன்."