நான் எழுதிய ‘பொழங்குறவரு’

1. முதல் நாள்

ஏற்காட்டுத் தியான இல்லத்து ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அப்போதைய இயக்குநர் ஃபாதர் எனக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னார். “ஆரோக்கியம், எந்தத் தாளா இருந்தாலும் உன் மேசையைத் தாண்டுறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க. நாளைக்கு எவனாவது ‘நான் எழுதலையே’ன்னு கையை விரிப்பான்.” ஓய்வு பெறும்வரை நான் அதை மீறவில்லை. முதலில் கார்பன், பிறகு ஜெராக்ஸ்.

ரூம் ஒதுக்குவது, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது, கடிதம் எழுதுவது இவைதான் என் வேலை. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவை இங்கே ரைட்டர் என்பார்கள்; எனக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது சிங்கிள், டபுள், வெஜ், நான்வெஜ், அவ்வளவுதான். வெட்கப்படாமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் கெட்டது அதனால்தான்.

இல்லம் சமவெளியில் வெகு தூரத்தில் இருக்கும் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குச் சொந்தம். பெயர் சொல்லமாட்டேன்.

2. மௌனத் தியானம்

வருடத்துக்கு ஒரு முறை அந்த மறைமாவட்டத்துக் குருக்கள் எல்லாரும் ஒரு வாரம் மலையேறி வருவார்கள். பேசக் கூடாது. ‘மௌனம் காக்கவும்’ என்று மாடிப்படியில் ஒன்று, சாப்பாட்டு ஹாலில் ஒன்று, போர்டு நானே எழுதி மாட்டுவேன்.

நான் சொல்லப்போகும் வருஷம், ஆண்டவர் வயதாகிவிட்டதென்று விலகல் கடிதம் கொடுத்திருந்தார். ஆயரை, அதாவது பிஷப்பை, நாங்கள் ஆண்டவர் என்றுதான் சொல்வோம். அடுத்த ஆண்டவர் யார் என்பதற்கு அந்த வாரம் இல்லத்தில் நடந்த வேலையைப் பார்த்திருந்தால், பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் வந்து பாடம் படித்துக்கொண்டு போயிருப்பார்கள். “ரைட்டர், எனக்குப் பன்னெண்டாம் நம்பருக்குப் பக்கத்து ரூம்” என்று ஒருவர் வருவார். அவர் போனதும் இன்னொருவர் வந்து, அந்த ரூமை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்பார். சாப்பாட்டு ஹாலில் வாய் திறக்காமல் துண்டுச் சீட்டு தட்டுக்குத் தட்டு போகும். ஏரிப் பக்கம் மூன்று மூன்று பேராக ஜெபமாலையோடு நடப்பார்கள். கிட்டே போனால் காதில் விழும் ஒரே வார்த்தை ‘நம்மாளு’.

ஒரு குருவானவர் என்னிடமே கேட்டார். “ரைட்டர், நீங்க எந்தப் பக்கம்?”

“கோயிலுக்குக் கெழக்காலங்க ஃபாதர். தண்ணித் தொட்டிகிட்ட ரெண்டாவது ஊடு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அவர் கேட்டது என் சாதியை என்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதுதான் உறைத்தது.

3. ஃபாதர் சூசை

அப்போது எங்கள் இயக்குநர் ஃபாதர் சூசை. காலனியில் பிறந்தவர். இல்லத்து வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று மலைக் கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார். இந்து, கிறிஸ்தவர் என்று பார்ப்பதில்லை. யாருக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும், யார் பிள்ளைக்கு ஹாஸ்டல் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எங்கள் பக்கம் ‘பொழங்குறது’ என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, அவர்கள் கையால் தண்ணீரோ காப்பியோ வாங்கிக் குடித்தால்தான் அந்த வீட்டில் பொழங்குகிறோம் என்று அர்த்தம். ‘அவங்க ஊட்ல நாங்க பொழங்க மாட்டோம்’ என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை, சாதிதான். ஃபாதர் சூசை எல்லா வீட்டிலும் பொழங்கினார். வெள்ளக்கடையில் காப்பிப் பழம் பறிக்கும் மாரியம்மா முதல்முறை வாசலில் நின்று தயங்கியபோது நான் கூட இருந்தேன்.

“ஏனுங்க ஃபாதர், எங்கூட்ல காப்பித் தண்ணி குடிப்பீங்களா?”

“சர்க்கரை தூக்கலாப் போட்டீங்கன்னா குடிப்பேன்” என்று குனிந்து உள்ளே போனார். அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் அவருக்கென்று தனியாக ஒரு சில்வர் டம்ளர் எடுத்து வைக்க அவர் விடவில்லை. இருக்கிற டம்ளரில்தான் குடித்தார்.

அடுத்த ஆண்டவர் பட்டியலில் அவர் பெயரும் அடிபட்டது. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

4. டெல்லிக் கடிதம்

ஆண்டவரை நியமிக்கும் முன் பாப்பரசரின் தூதர் அலுவலகம் டெல்லியிலிருந்து சிலருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி விசாரிக்கும். குருக்களைக் கேட்பார்கள், கூட வேலை பார்த்த சாதாரண ஆட்களையும் கேட்பார்கள். தியான வாரத்தில் எனக்கு ஒன்று வந்தது. இங்கிலீஷ்.

மறைமாவட்டத்தின் தாள்களையெல்லாம் கையாளும் சான்ஸ்லர் ஃபாதர் அப்போது இல்லத்தில், அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ரூமில் இருந்தார். என் மகளுக்கு நர்ஸிங் சீட் வாங்கிக் கொடுத்தவர். ‘நம்மாளு’ கூட்டத்துக்கு அவரே தலைவர் என்பதும் எனக்குத் தெரியும். நன்றி என் கண்ணைக் கட்டிவிட்டது. கடிதத்தை அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் படித்தார். “சூசையைப் பத்திக் கேக்குறாங்க. குணம் எப்படி, ஜனங்களோட எப்படிப் பழகுறாரு. நீங்க தமிழ்ல எழுதிக் குடுங்க ரைட்டர். நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணித் தர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க.”

ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் மலையில் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய வார்த்தையைக் கடைசி வரியில் வைத்தேன். ‘அவரு எங்க மலையில எல்லா ஊட்டுலயும் பொழங்குறவரு.’

மறுநாள் இங்கிலீஷ் தாள் வந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘ஃபெமிலியர்’ என்று ஒரு வார்த்தை. இது என்னங்க என்றேன்.

“ஃபேமிலி தெரியுமில்ல? அதுலேர்ந்து வர்ற வார்த்தை. குடும்பத்துல ஒருத்தர் மாதிரின்னு அர்த்தம். நீங்க எழுதுனதேதான்.”

“பக்கத்துல விமன்னு இருக்குதுங்களே ஃபாதர்?” பாத்ரூம் கதவில் எழுதியிருப்பதால் அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

“வீட்டுல காப்பி போட்டுக் குடுக்குறது யாரு ரைட்டர்? ஆம்பளையா?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல இரண்டு தாளுக்கும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்தேன்.

5. நாலரை மணி

ரோமாபுரியில் மதியம் பன்னிரண்டு அடிக்கும்போது புது ஆண்டவர் பெயரைச் சொல்வார்கள். குளிர்காலத்தில் நமக்கு அது மாலை நாலரை. பெயர் வந்தது, நம்மாளு. சான்ஸ்லர் ஃபாதருக்கு அடுத்த மாதமே பதவி உயர்வு. இல்லத்து மணியை அடிக்கச் சொல்லி போன் வந்தது. ஃபாதர் சூசை தானே போய் அடித்தார்.

அதற்கு முன்பிருந்தே அவரிடம் ஒரு மாற்றம். பைக்கில் போவார், ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். ரோட்டிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவார். மாரியம்மா ஒரு நாள் ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

“ஏனுங்க ரைட்டரு, ஃபாதரு ஏனுங்க எங்கூட்டுக்குள்ள வாரதில்ல? காப்பி கொண்டாந்தாலும் வேண்டாங்கறாரு. அவரும் பெரிய ஆளாயிட்டாருங்களா? எங்கூட்ல பொழங்கக் கூடாதுன்னு அவருக்கும் ஆரோ சொல்லிட்டாங்களா?”

நான் அவரிடம் கேட்டேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். “முட்டி வலி ரைட்டர், குனிய முடியலை” என்றார். சில வாரங்களில் மறைமாவட்டத்தின் கோடியில் ஒரு பங்குக் கோயிலுக்கு அவரை மாற்றிவிட்டார்கள். வழியனுப்ப அடிவாரம் வரை நான் போனேன். கை கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார்.

6. ஃபைல் ஒப்படைப்பு

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ஸ்டெல்லா என்று எம்.ஏ. இங்கிலீஷ் படித்த பெண் வந்தது. ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் அதன் கை நின்றுவிட்டது.

“ரைட்டர் சார், இதை நீங்களா எழுதுனீங்க?”

“ஆமா கண்ணு. ஃபாதர் சூசைக்கு நல்ல வார்த்தை சொல்லி எழுதுனது.”

அது கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாக, எனக்குப் புரிகிற தமிழில் அந்தக் கடைசி வரியைச் சொன்னது. ‘இவர் வீடு வீடாகப் போய் அங்குள்ள பெண்களிடம் வரம்பு மீறிப் பழகுகிறவர்.’ கீழே என் கையெழுத்து.

சான்ஸ்லர் ஃபாதரை அந்த நிமிஷம் எதிரில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் வருவார், ஒவ்வொரு வருஷமும் மௌனத் தியானத்துக்கு வருகிறார். அதே பன்னிரண்டாம் நம்பர் ரூமைத்தான் கேட்பார்.

7. வாசல்

இரண்டு ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன். ஃபாதர் சூசை ஒரு சின்ன ஓட்டுக் கோயிலில் இருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. இங்கிலீஷ் தாளை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

“தெரியும் ரைட்டர். அப்பவே சான்ஸ்லர் காட்டுனாரு. ‘உங்க ஆபீஸ் ஆளே எழுதியிருக்காரு, இனிமே வீடுகளுக்குள்ள போறதைப் பாத்துக்கங்க’ன்னாரு. உங்க கையெழுத்தை எனக்குத் தெரியாதா? தினம் ரிஜிஸ்டர்ல பாத்ததுதானே.”

அப்படியென்றால் அந்தக் கடைசி மாதங்கள் முழுவதும், நான்தான் தன்னைப் பற்றி அப்படி எழுதினேன் என்று நினைத்துக்கொண்டே எனக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லியிருக்கிறார். ஒரு முறைகூட ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தமிழ்த் தாளை அவர் கையில் வைத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். தாளை நாலாக மடித்தார். பிறகு, “இதை நான் வெச்சுக்கட்டுமா?” என்றார்.

“வெச்சுக்கங்க ஃபாதர்.” வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காப்பி எடுக்காமல் நான் கொடுத்த ஒரே தாள் அதுதான்.

புதிதாக ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. தாளைப் பத்திரமாக வைப்பது பெரிய காரியமில்லை; நான் அதைப் பிரமாதமாகச் செய்தேன். படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு உதவி செய்தவர் நீட்டுகிற தாளாக இருந்தால், இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் வரை அவர் கூட வந்தார். ஒரு நாள் மலைக்கு வாங்க, மாரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எங்கூட்டுக்கும் வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க என்றேன்.

“வர்றேன் ரைட்டர்” என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, “வாசல் வரைக்கும் வர்றேன்” என்றார்.