லாசாலுக்குச் சொல்லாமல்

2006 ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டோம். காரின் பின்னால் இரண்டு சைக்கிள்கள், உள்ளே இரண்டு பேர் படுக்கிற கூடாரம். நகரங்களைச் சைக்கிளில் சுற்றுவது, இரவில் கூடாரத்தில் தூங்குவது, இதுதான் திட்டம். முதல் நாள் கிங்ஸ்ரன். மறுநாள் மொன்றியலுக்கு மேற்கே ஐம்பது கிலோமீற்றரில், மேப்பிள் மரங்களுக்குள் ஒரு முகாம்.

மொன்றியலில் எங்களுக்கு வீடில்லாமல் இல்லை. என் மனைவி றெஜினாவின் அண்ணை அங்கே லாசால் பகுதியில் இருக்கிறார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. அவருக்குச் சொல்லாமல்தான் வந்தோம். கூடப்பிறந்தவரின் வீடிருக்கிற ஊரில் கூடாரம் அடித்துப் படுப்பது எங்கள் ஆட்களிடம் சின்னக் குற்றமில்லை. கோபித்தால் கலியாணவீடு, செத்தவீடு என்று வருடக்கணக்கில் முகம் பாராமல் இருப்பார்கள். அது தெரிந்தும் றெஜினா, "இந்த ஒருக்கால் மட்டும்" என்று கெஞ்சினாள்.

ஞாயிறு காலை மொன்றியலின் விளிம்பிலுள்ள லஷீனில் காரை விட்டுவிட்டுக் கால்வாய்க்கரையில் இறங்கினோம். அங்கிருந்து பழைய துறைமுகம் வரை பதினான்கு கிலோமீற்றர் சைக்கிள் பாதை. தண்ணீரின் மேல் பனிப்புகார் இன்னும் கலையவில்லை. புறப்பட முன்னரே, தேவாலயத்தில் பூசை முடிந்து பிள்ளைகளுக்கு வாத்துக் காட்ட வந்திருந்த ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார்.

"தமிழோ? எந்த ஊர்?"

ரொறன்ரோ என்று சொல்லிவிட்டு மிதித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறந்த ஊரைச் சொல்லாமல் போக எங்களுக்கு வராதே!

"பாசையூர்" என்றாள் றெஜினா.

"பாசையூரில எவடம்?"

அதற்கும் பதில் சொன்னாள். மூன்றாவதாக அப்பாவின் பெயரைக் கேட்டார்; பிடிபட்டோம்.

"அட, எங்கட லாசால் யோசேப்பண்ணையின்ர தங்கச்சியோ! அதே மூக்கு. நீங்கள் வந்தது அவருக்குத் தெரியுமோ?"

"கூடாரத்தில தங்கிறம், பேந்து போவம் எண்டு..." என்று றெஜினா இழுத்தாள். அந்த அம்மாவின் கை ஏற்கெனவே கைப்பைக்குள் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தது.

முதல் ஒரு கிலோமீற்றரை றெஜினா கோபத்தோடு மிதித்தாள். பிறகு பாதை அதை மறக்கடித்தது. கைவிடப்பட்ட செங்கல் ஆலைகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. பாலங்களின் கீழே நிழலுக்குள் புகுந்து வெயிலுக்குள் வந்தோம். யாரோ எங்களைத் தாலாட்டிக்கொண்டு போவதைப் போல இருந்தது. நான் அவ்வளவு சந்தோசமாக இருந்தேன். றெஜினா கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

அட்வாட்டர் சந்தைக்கு எதிரே, நடைபாலத்தடியில், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மச்சான் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"வீடிருக்கக் காட்டுக்குள்ள படுக்கிறியோ? நான் செத்தோ போனன்? உன்ர மச்சாள் நண்டு உடைக்கத் தொடங்கீட்டாள்."

றெஜினா சைக்கிளை விட்டு இறங்கினாள். 

"அண்ணை, ஆறு தரம் மொன்றியலுக்கு வந்திட்டன். ஆறு தரமும் உங்கட குசினியையும் சாப்பாட்டு மேசையையும்தான் பாத்தனான். வீட்டுக்கு வந்தா நீங்கள் வெளியில விடமாட்டியள்."

 மச்சான் சந்தைக் கோபுரத்தின் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். போச்சு, இனி இவர் எங்கள் வீட்டுப்படி மிதிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

"அப்பிடி இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்றார் கடைசியில். "இந்தக் கால்வாயைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போறனான். ஒருநாளும் இறங்கிப் பாக்கேல்ல."

"இவற்ற சைக்கிளை எடுங்கோ. துறைமுகம் வரைக்கும் வாங்கோ" என்றாள் றெஜினா.

எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. மச்சான் தன் கார்ச்சாவியை என் கையில் வைத்தார், கால்சட்டை விளிம்பைச் சப்பாத்துக்குள் செருகினார், கொஞ்சம் தள்ளாடி ஏறினார். இரண்டு பேரும் மரநிழலுக்குள் சிறுத்துப் போனார்கள்.

அவருடைய காரில் போய்த் துறைமுகத்தில் நெடுநேரம் காத்திருந்தேன். வழியில் சண்டை வந்திருக்குமோ என்று பயந்தேன். மத்தியானம் தாண்டி வந்தார்கள். மச்சானின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு கதவுக்கு நடுவில தண்ணியைத் திறந்துவிட்டு அவங்கள் ஒரு படகை மெல்ல மெல்ல உயத்தினாங்கள். அது முழுக்க ஏறுமட்டும் நிண்டு பாத்தனாங்கள்" என்றார்.

பெட்டிகள் எல்லாம் பயணம் போவதை இத்தனை வருடமாகப் பார்த்த மனிதர். ஆற்றுப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"நண்டைக் கட்டிக்கொண்டு வாறன். என்ர மனுசிக்கு நுளம்புக்கடி ஒத்துவராது, அவள் வராள். உங்கட கூடாரத்தில மூண்டு பேர் படுக்கலாமோ?"

றெஜினா என்னைப் பார்த்தாள்.

"தாராளமா" என்றேன்.